வண்டியைத் திருப்பச் சொல்பவர்

பிரம்மதேசம் தாண்டினால் இடது பக்கம் ஒரு புளியமரம். அங்கே ரோடு கொஞ்சம் அகலம். வண்டியைத் திருப்ப வசதி. அவர் சொல்வதும் அங்கேதான்.

"ஏனுங்க, ஒரு நிமிஷம். வண்டியத் திருப்பிக்கலாங்களா?"

மரக்காணத்தில் ஏறினால் அதுவரை வாய் திறக்க மாட்டார். வெளியே பார்த்துக்கொண்டே வருவார். மடியில் தண்ணீர் பாட்டில். குடிக்க மாட்டார். ஏற்கெனவே மூடியிருக்கும் மூடியை இன்னும் இறுக்குவார். அந்தப் பிளாஸ்டிக் மூடி கிரீச்சென்று முனகும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கும் திரும்ப வேண்டும்.

நான் டிரைவர். ஏழாவது வரை படித்தேன். கத்தாரில் தண்ணீர் லாரி ஓட்டினேன். ஊர் திரும்பி, திண்டிவனத்தில் ஒரு முதலாளியிடம் சேர்ந்தேன். அவருடைய ஜீப்பை சுற்றுச்சூழல் துறைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதை ஓட்ட என்னைப் போட்டார். பின்சீட்டில் வந்த அதிகாரிதான் இவர். பெயர் வேண்டாம். இன்னமும் எங்கேயோ வேலையில்தான் இருக்கிறார்.

மேற்கே, கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். ஒல்லி. எல்லோருக்கும் 'ங்க' போடுவார். எனக்கும் போடுவார். முதல் வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். திரும்புவது.

முதல் தடவை டீக்கடை பாய்க்காகத் திரும்பினோம். உப்பளத்துக்கு எதிரே பாயின் கடை. டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது பாய் கேட்டார்.

"சார், இந்தக் கப்புல உள்ள பிளாஸ்டிக் பூசியிருக்குதாம். ஃபைன் போடுவீங்களா?"

"இப்போதைக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

புளியமரம் வந்தது. திருப்பச் சொன்னார். கண்ணாடி, குடை எதையாவது மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். கடைக்கு முன்னால் இறங்கி நேராகப் பாயிடம் போனார்.

"இப்போதைக்கு இல்லைன்னு சொல்லிப்போட்டனுங்க. அது என் கையில இல்லீங்க. நாளைக்கே வேற யாராச்சும் வந்து போட்டாலும் போடுவாங்க."

பாய் வாயைப் பிளந்தார். "இதுக்கா சார் இவ்ளோ தூரம் திரும்பி வந்தீங்க? ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"நம்பர் இல்லீங்களே."

"தலைக்கு மேல போர்டுல எழுதியிருக்குது பாருங்க சார்!"

அவர் நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். நம்பர் இருந்தது. 

"மூஞ்சியப் பார்த்துத்தானுங்க தப்பாச் சொன்னேன். மூஞ்சியப் பார்த்துத்தான் சரியாச் சொல்லோணும்."

வண்டியில் ஏறியதும் பாய் என் ஜன்னலில் குனிந்தார். "ஏம்பா, உங்க சாருக்கு இது ரொம்ப நாளாவே இருக்குதா?" என்றார். வியாதியைக் கேட்பது போலக் கேட்டார்.

இருந்தது. வீட்டம்மா தினமும் மத்தியானம் போன் செய்வார்கள். சாப்பிட்டாயா என்று கேட்பார்கள் போல. "சாப்பிட்டாச்சு" என்று வைத்துவிடுவார். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அவரே கூப்பிடுவார். "இல்லம்மா. சாப்பிடல. டப்பா அப்பிடியே இருக்குது." அந்தப் பக்கம் திட்டு விழும். கேட்டுக்கொள்வார். பிறகு வண்டியை ஓரம் கட்டச் சொல்லித் தயிர்சாதம் சாப்பிடுவார். டப்பாவை மூடி வைத்தபின்தான் நிம்மதியாக மூச்சு விடுவார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள் அவராகச் சொன்னார். "முன்ன வேற ஒரு ஊர்ல ஒரு கெணத்துத் தண்ணியப் பத்திக் கேட்டாங்க. ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னேன். திரும்பிப் போகலீங்க." அவ்வளவுதான். பாட்டில் மூடியை இறுக்கினார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அவருக்கு அப்போது கொடுத்திருந்த வேலையைச் சொல்ல வேண்டும். துறை தனக்குப் புதுப் பாதை போட்டுக்கொண்டிருந்தது. இனி வரும் வருஷங்களில் துறை எதைச் செய்யும், எதை விடும் என்று சென்னையில் முடிவு செய்கிறார்கள். அதற்கு முன்னால் கடலோரத்து ஜனங்களைக் கேட்க வேண்டும். கேட்கிற வேலை இவருக்கு.

வண்டியில் எனக்கு விளக்கினார். "இத்தனை நாளா நாங்க பின்னாடியே ஓடுனமுங்க. அழுக்குத் தண்ணி விட்டவன ஓடிப் புடிச்சோம். பூட்டுப் போட்டோம். இனி முன்னாடி போகோணும்னு பேசறாங்க. கடல் ஏறி வருது. மழை கொட்டுனா ஒரே நாள்ல கொட்டுது. தண்ணிக்கு எடம் விடோணும். நாம விடலைன்னா அதுவே எடுத்துக்கும்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. புயல் மழையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் எடுத்துக்கொண்ட இடத்தை நான் பார்த்திருக்கிறேன். கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தோம்.

ஆனால் தண்ணீருக்கு இடம் எங்கே விடுவது? மரக்காணத்து உப்பளத்தின் ஒரு ஓரத்தில் கழி இருக்கிறது. கடல்தண்ணீர் உள்ளே வந்து போகிற வாய்க்கால். கழியை ஒட்டிய பாத்திகளை உப்புக்குக் கொடுக்காமல் தண்ணீருக்கே விட்டுவிடலாம் என்று ஒரு பேச்சு. அந்தப் பாத்திகளில்தான் என் மனைவி அஞ்சலை உப்பு வாருகிறாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து.

இதை அவரிடம் நான் சொல்லவில்லை. டிரைவர் சொல்கிற விஷயமா அது.

முதல் கூட்டம் கோடையில் நடந்தது. உப்புக் கிடங்குச் சுவரில் நீலத் தார்பாய் கட்டியிருந்தார்கள். பொம்பளைகள் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். அவர் நாற்காலி வேண்டாமென்று நின்றுகொண்டே பேசினார். புதுப் பாதையை விளக்கினார். தண்ணிக்கு எடம் என்றார்.

குப்பம்மா எழுந்தாள். அந்தப் பாத்திகளில் வேலை செய்கிறவர்களில் மூத்தவள். தொண்டை பெரியது.

"சார், தண்ணிக்கு எடம் குடுக்குறீங்க. நல்லாயிருக்குது. எங்களுக்கு எங்க சார் எடம்? நாங்க இன்னா மீனா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்தபடியே சொல்லிவிட்டார்.

"உங்க பாத்திய யாரும் தொட மாட்டாங்கம்மா."

கை தட்டினார்கள். அஞ்சலை திரும்பி, தூரத்தில் வண்டியோடு நின்ற என்னைப் பார்த்தாள். பல்லெல்லாம் தெரிந்தது. அவள் அப்படிச் சிரிப்பது அபூர்வம்.

நான் வண்டியைக் கொஞ்சம் வேகமாகத்தான் எடுத்தேன். பிரம்மதேசம் வந்தது. மூடி முனகியது. 

"ஏனுங்க…"

"சார், இன்னைக்கு வேணாம் சார்."

அவரிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முன்னால் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தக் கூட்டத்துல உங்க சனம் யாராச்சும் இருந்தாங்களா?"

"என் வீட்டுக்காரி சார். கழியோரப் பாத்தி."

 புளியமரத்தடியில் வண்டி நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப அவசியம் திரும்போணுங்க" என்றார். "இல்லீன்னா அவங்க அந்த வார்த்தைய நம்பிக்கிட்டு வேற வழி தேடாம உக்காந்துக்குவாங்க."

திரும்பினோம். பொம்பளைகள் கலைந்து பாத்திக்குப் போய்விட்டிருந்தார்கள். வெயில் உச்சியில் நின்றது. உப்பு கண்ணைக் குத்தியது. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தார். வரப்பில் செருப்போடு நடந்தால் சரிந்துவிடும் என்று யார் சொன்னார்களோ. கால் பொசுங்கியிருக்கும். ஒவ்வொரு பாத்தியாக நின்று சொன்னார்.

"தொட மாட்டாங்கன்னு சொன்னேன். அது தப்புங்க. தொடுவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியலீங்க. இன்னும் முடிவாகலீங்க."

குப்பம்மா உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்கு சார் கவருமெண்டு? அத நானே சொல்லுவேனே."

"சரிதானுங்க" என்றார்.

 அன்று சாயங்காலம் அஞ்சலை சோற்றைப் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள்.

"நல்ல மனுசன்தான்யா. ஆனா இனிமே அவரு வண்டியப் பார்த்தாலே எனக்கு வயித்தக் கலக்கும்."

"என் வண்டிதான் அது."

"அதான் சொல்றேன்."

அதற்குப் பிறகு பல கூட்டம் நடந்தது. சென்னையில் ஏதாவது ஒரு வரி மாறும். அதைச் சொல்ல வருவார். கழியோரத்தை அளக்கப் போகிறார்கள் என்பார். அடுத்த மாதம், அளப்பது தள்ளிப்போகிறது என்பார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு திரும்புதல். சில சமயம் சின்ன விஷயம். வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருப்பார், வியாழன். சில சமயம் பெரியது.

ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். இதை நான் வேறு எந்த ஊரிலும் பார்க்கவில்லை. அவர் பேசி முடித்து வண்டி ஏறினால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். வெற்றிலை மடிப்பார்கள். பேன் பார்ப்பார்கள். சாக்கிலேயே சாய்ந்து கண்ணயர்வார்கள். வண்டி திரும்பி வரும். அவர் இறங்கி, சொன்னதில் எது தப்போ அதைச் சொல்வார். அதற்குப் பிறகுதான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து புடவையைத் தட்டுவார்கள். கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

பாயும் பாலை அடுப்பிலிருந்து இறக்க மாட்டார். "உங்க சாரால எனக்கு ஒரு ரவுண்டு டீ கூட ஓடுது. அல்லா அவருக்கு இன்னும் கொஞ்சம் ஞாபக மறதியக் குடுக்கணும்" என்பார்.

"மறதி இல்ல பாய்."

"பின்ன இன்னாது?"

நான் கப்பைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

ஒரு தடவை அவருக்கு மேலே உள்ள பெரிய அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். அவரும் என் வண்டியில்தான். கூட்டத்தில் பொம்பளைகள் நிறையப் பேசினார்கள். பாத்தி போனால் வேறு பாத்தி தருவீர்களா என்றார்கள். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீருக்கு விட்டுவிட்டுக் கோடையில் எங்களுக்குக் கொடுங்கள் என்று அஞ்சலையே எழுந்து சொன்னாள். பெரியவர் நன்றாகத் தலையாட்டினார். "நீங்க சொன்னது எல்லாத்தையும் அப்படியே எழுதிக்கிட்டோம்" என்றார். கும்பிட்டார். ஏறினார்.

புளியமரத்துக்கு முன்னாலேயே மூடி முனகியது.

"ஏனுங்க, ஓரமா நிறுத்துங்க."

பெரியவர் போனிலிருந்து நிமிர்ந்தார். "என்ன சார்? எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு."

"நீங்க போங்க சார். நான் பஸ்ஸுல வந்தர்றேன். எழுதிக்கிட்டோம்னு சொன்னோம். யாரும் எழுதலீங்க. நானும் எழுதல, நீங்களும் எழுதல."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றது சார்."

"ஆமாங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார். சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாகப் புளியமரத்தடியில் நின்றார். கண்ணாடியில் பார்த்தேன். பஸ்ஸுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவர் என்னிடம் கேட்டார். "இவர் எப்பவுமே இப்படித்தானா?"

"நான் ரோட்டப் பார்த்து ஓட்டுறேன் சார்" என்றேன்.

மற்றதை அஞ்சலை சொன்னாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாராம். எல்லோரும் வழக்கம்போல் உட்கார்ந்தே இருந்தார்களாம். "ஒண்ணையும் எழுதலீங்க. இப்பச் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாராம். குப்பம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு, "இன்னா சார், மறுபடியும் மொதல்லருந்தா?" என்றாளாம். அவர் சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினாராம். அஞ்சலை சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, "இதானுங்களே சொன்னீங்க?" என்று கேட்டாராம்.

"நான் சொன்னத இது வரைக்கும் யாரும் எனக்கே படிச்சுக் காட்டுனதில்ல" என்றாள் அஞ்சலை. அன்று அவளுக்கு வயிற்றுக் கலக்கம் இல்லை.

எனக்கு இருந்தது. பெரியவரின் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருந்தேன்.

ஆடி முடிவதற்குள் மாற்றல் வந்தது. எங்கே என்று அவர் சொன்ன ஊர் எனக்குப் பிடிபடவில்லை. கடல் இல்லாத ஊர். கடைசியாக ஒருமுறை உப்பளத்துக்கு வந்தார். யாரும் கூட்டம் கூட்டவில்லை. பாத்தியோரம் நின்று சொல்லிக்கொண்டார். குப்பம்மா ஒரு பை நிறைய உப்பு கட்டிக் கொடுத்தாள். "திரும்ப வருவேனுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது என்று சொல்ல மாட்டேன். உப்பளத்தில் எல்லோர் கண்ணும் அப்படித்தான் இருக்கும்.

வண்டியை எடுத்தேன். உப்புப் பையை மடியில் வைத்திருந்தார். பாட்டில் காலடியில் உருண்டுகொண்டிருந்தது. அதனால் சத்தம் கேட்காது என்று நினைத்தேன். புளியமரம் வந்தது. குனிந்து பாட்டிலை எடுத்தார்.

பொம்பளைகள் பாத்திக்குள் இறங்காமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"திரும்ப வருவேன்னு சொன்னேன்" என்றார். "வர முடியாதுன்னுதான் நினைக்கறனுங்க."

குப்பம்மா எழுந்து புடவையைத் தட்டினாள். "போ சார். அத ஒண்ணயாவது அப்பிடியே வுட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வண்டி நேராக ஓடியது. பின்சீட்டில் புது அதிகாரி. சின்ன வயது. நன்றாகப் பேசுவார். கெட்டவர் இல்லை. என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். பாய் கடையில் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மழை மாதம் வந்தது. உப்பு வேலை நின்றது. அப்போதுதான் செருப்புக் கம்பெனி ஆள் ஊருக்குள் வந்தான். திண்டிவனத்துப் பக்கம் கம்பெனி. வேன் வரும், போகும். மாதச் சம்பளம். ஆனால் நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். சேர்ந்தால் பாதியில் விட்டுவிட்டு உப்புக்குப் போகக் கூடாது. அஞ்சலைக்கு வரும் தை வந்தால் நாற்பது.

"போவட்டுமா?" என்றாள்.

"பாத்தி இருக்குமான்னு பாரு."

"இருந்தா நான் எதுக்குய்யா செருப்பு தைக்கப் போறேன்? மூடுன கட்டடத்துக்குள்ள எனக்கு மூச்சு முட்டும்."

கம்பெனி ஆள் பெயர் எழுத வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள், புது அதிகாரி கூட்டம் போட்டார். துறையின் புதுப் பாதை முடிவாகும் கட்டத்தில் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும் என்றார். அதே கிடங்குச் சுவர், அதே தார்பாய். மழை தூறிக்கொண்டிருந்தது. அஞ்சலை முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

குப்பம்மா கேட்டாள். "எங்க பாத்தி இருக்குமா சார், போயிடுமா? ஒரே பேச்சு சொல்லு."

"ஒண்ணும் ஆகாதும்மா. தைரியமா இருங்க" என்றார்.

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார். கண்ணாடியில் பார்த்தேன். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. குப்பம்மா வெற்றிலைப் பையை எடுத்தாள். எதிரே பாய் அடுப்பைத் தூண்டிவிட்டார்.

பின்சீட்டில் போன் அடித்தது. அவர் எடுத்தார்.

"ஆமா சார், முடிஞ்சுது சார். அமைதியா கேட்டுக்கிட்டாங்க… அந்தக் கழியோரமா? தெரியல சார். அது மேல இன்னும் முடிவாகல இல்ல? போகலாம், இருக்கலாம். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்… ஆமா சார், அதான், பதட்டப்படக் கூடாது இல்ல."

போனை வைத்தார். பிரம்மதேசம் வந்தது. கால் தானாக பிரேக்கில் போனது. புளியமரத்தடியில் வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது.

"என்னாச்சு? ஏன் ஸ்லோ பண்றீங்க?"

"சார், திருப்பட்டுமா?"

"ஏன், எதையாவது மறந்துட்டு வந்துட்டோமா?"

"சனங்க உக்காந்திருப்பாங்க சார்."

"கூட்டம்தான் முடிஞ்சுதே."

"முடிஞ்சுது சார். ஆனா உக்காந்திருப்பாங்க."

அவருக்குப் புரியவில்லை. புரிய நியாயமும் இல்லை. மணியைப் பார்த்தார். "ட்ரெயின் போயிடும்பா. போங்க" என்றார்.

போனேன். திண்டிவனம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன். பையை எடுத்துக் கொடுத்தேன். "பார்த்துப் போங்க, மழை" என்றார். நல்ல மனிதர்தான்.

முதலாளி வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். வண்டியை விட்டுவிட்டு பஸ் பிடித்திருக்க வேண்டும். வண்டிக்குள் கேட்டதை வெளியே பேசக் கூடாது. டிரைவர் வேலையில் முதல் பாடம் அது. பேசினால் மறுநாள் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அஞ்சலைக்கும் வேலை இல்லாத மாதம். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

அஞ்சலையிடமிருந்து போன் வந்தது.

"வர்றாரா?"

"யாரு?"

"உன் சாருதான். உக்காந்துகினே இருக்குறோம். தார்பாய் ஒழுவுது."

"எத்தினி பேரு?"

"எல்லாரும்தான்."

வண்டியைத் திருப்பினேன்.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். கூட்டத்தில் நான் பேசியதில்லை. கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து வந்துவிடுவேன். எதிரே வந்த பஸ்காரன் லைட் போட்டுவிட்டான். மழை இருட்டு.

வண்டி நின்றதும் எல்லோரும் பின்கதவைப் பார்த்தார்கள். அது திறக்கவில்லை. நான் என் கதவைத் திறந்து இறங்கினேன். பாய் கடை வாசலுக்கு வந்துவிட்டார்.

அதிகாரிகள் நின்று பேசுகிற இடத்தில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. தார்பாய் ஓரத்தில் மழையிலேயே நின்றேன்.

"தெரியலையாம்" என்றேன்.

 தார்பாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆகாதுன்னாரே?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"போகலாம், இருக்கலாம். இன்னும் முடிவாகல."

குப்பம்மா என்னையே பார்த்தாள். "அவரு சொல்லச் சொன்னாரா, நீயா வந்தியா?"

"நானா வந்தேன்க்கா."

"உன் வேலை இன்னாவும்?"

"அதுவும் தெரியல."

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். புடவையைத் தட்டினாள். பிறகு மற்றவர்களும் எழுந்தார்கள். சாக்கை உதறி மடித்தார்கள். போகும்போது குப்பம்மா திரும்பி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். "அவன் திரும்பி வந்து சொன்னான்னு யாராச்சும் வெளிய பேசினீங்க, நாக்க அறுத்துடுவேன்."

பாய் கொடுத்த டீயைக் குடித்தேன். அவர் காசு வாங்கவில்லை.

அஞ்சலை ஈரத்தோடு முன்சீட்டில் ஏறினாள். அந்த வண்டியில் அவள் ஏறியது அதுதான் முதல். 

"நாளைக்குக் கம்பெனிக்காரன் வந்தா பேரு குடுக்கட்டுமா, வேணாமா?"

"தெரியல" என்றேன்.

"நல்லா கத்துக்கினே அவருகிட்ட" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "வேன் எத்தினி மணிக்கு வருமாம்?" என்றாள்.

"காலைல ஆறு."

பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஏதோ உருண்டு முன்னால் வந்தது. வேறு யாரோ விட்டுப்போன பாட்டில். அவள் குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூடியை இறுக்குவாளோ என்று பார்த்தேன். திறந்து குடித்தாள்.